வில்லும் முட்டுக்கட்டையும்



ஆடிமாதம் பூர நட்சத்திரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரோட்டம் நடைபெறுவதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். பதினொரு நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட கோபுரம், தமிழக அரசின் முத்திரையில் இடம்பெற்ற கோபுரம், ஊரின் மேலே நிமிர்ந்து நிற்க, அதன் கீழே தேர் ஆடி அசைந்து வரும். வடம் பிடிப்போரின் ஆரவாரத்தில் எல்லாரும் மேலே பார்ப்பார்கள். சிறு வயதில் நான் என் பாட்டனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவர் என்னைக் கீழே பார்க்கச் சொன்னார். சக்கரத்தை ஒட்டிச் சிலர் குனிந்தவாறே நடந்து வந்தனர். அவர்கள் கையில் ஆப்பு வடிவில் செதுக்கிய கனத்த மரக்கட்டைகள் இருந்தன. தேர் நிற்க வேண்டுமானால் கட்டையைச் சக்கரத்தின்கீழ் இடுவார்கள். திரும்ப வேண்டுமானால் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் இடுவார்கள். மீண்டும் ஓட வேண்டுமானால் எடுத்துவிடுவார்கள். அக்கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர்.

இன்று ஒரு நல்ல செயலைத் தடுப்பவனை நோக்கி, ‘முட்டுக்கட்டை போடாதே’ என்கிறோம். அச்சொல் தேர்வீதியிலிருந்து பேச்சுவழக்குக்கு வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். உண்மையில் முட்டுக்கட்டை கெட்ட பொருள் அன்று. அது இல்லையேல் தேர் நில்லாது, திரும்பாது, வீட்டுச் சுவரில் மோதிவிடும். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் விட்டாலன்றி அதனால் கேடில்லை. இந்தச் சிறு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, வண்டிகளின் வரலாற்றில் சிறிது தூரம் சென்று வருவோம். முடிவில் ராஜபாளையத்துப் பட்டறை ஒன்றில் நிறுத்திவைத்த ஒரு பழைய பந்தயக் காரின் அடியில் போய்ச் சேருவோம்.

தேருக்கு வில் இல்லை. வில் என்று நான் சொல்வது அம்பெய்யும் வில்லை அன்று. அச்சுக்கும் வண்டிக்கும் இடையே இருந்து அதிர்ச்சியைத் தாங்கும் எஃகு வில்லை. நம் நாட்டுப் பார வண்டிக்கும் அது இல்லை. அச்சின்மேல் நேராகப் பாரம் உட்கார்ந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் வண்டியிலுள்ளவன் முதுகெலும்பும் கல்லில் ஏறும். ஆதலால் வசதியுள்ளோர் ‘வில்வண்டி’ வைத்திருந்தனர். எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரு முனைகளையும் வளைத்துக் கட்டிய பட்டைவில்லின்மேல் கூண்டு அமைந்திருக்கும். எங்கள் பகுதியில் மணமக்களும் முதியோரும் வில்வண்டியில் போவது பெருமை. இன்றும் லாரிப் பட்டறைகளில் அவ்வில்லைப் ‘பட்டை’ என்றே வழங்குகிறார்கள். நூல்களில் கலைச்சொல் தேடி அலைவோர் பட்டறைத் தமிழைக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மேனாட்டிலும் கதை இவ்வாறே. இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்ற அறிஞர் 1678ஆம் ஆண்டில், வில் எவ்வளவு நீளுகிறதோ அல்லது அமுங்குகிறதோ, அதற்கேற்ற விகிதத்திலேயே அதன் எதிர்விசையும் இருக்கும் என்னும் விதியை விளக்கி வெளியிட்டார். 1804ஆம் ஆண்டில் ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்கு நீள்வட்டப் பட்டைவில் அமைத்து உரிமை பெற்றார். 1886இல் கார்ல் பென்ஸ் மோட்டார் வண்டிக்கு உரிமை பெற்றார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். வண்டியின் வேகம் கூடக் கூட, வில்லின் வேலையும் மாறிற்று. குதிரை வண்டியில் அதன் முதல் வேலை ஏறியிருப்பவரின் சுகம். மோட்டார் வண்டியிலோ, சக்கரத்தைச் சாலையோடு விடாமல் பொருத்தி வைப்பதே அதன் முதல் வேலை ஆயிற்று. சக்கரம் சாலையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வண்டி திரும்பும். தொட்டுக்கொண்டிருந்தால்தான் பிரேக்கு பிடிக்கும். இதை மாணவர்கள் நன்கு நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் நான் சொல்லப்போகும் நிகழ்ச்சிக்கு இதுவே திறவுகோல்.

நம் மாநிலத்திற்கு மோட்டார் வண்டி வந்த வரலாறும் சுவையானது. 1840இல் சென்னையில் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனத்தில், 1903ஆம் ஆண்டில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். சென்னையில் முதன்முதலாகப் பதிவு எண் பெற்ற கார், துறைமுகக் கழகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவருடையது. ‘ஸ்பிரிங்’ என்ற ஆங்கிலச் சொல் நாம் பேசிக்கொண்டிருக்கும் வில்லையும் குறிக்கும் என்பதை மாணவர்கள் கண்டு சிரிக்கலாம். நம் நாட்டில் கார்கள் உருவாகும் காலம் வரும்வரை அவை கப்பலிலேயே வந்தன. 1948இல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் சென்னையை அடுத்துத் தொடங்கப்பெற்று, உள்நாட்டில் கார்களைப் பூட்டி விற்கலாயிற்று. 1953இல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளமாகிய சோழவரத்தில் பந்தயங்கள் நடந்தன. பந்தயக் கார் என்றால் என்ன என்பதைத் தமிழ்நாட்டு இளைஞர் கண்ணால் கண்டது பெரும்பாலும் அங்கேதான்.

கப்பலில் கார் வருவது எவ்வாறு? முற்காலத்தில் மரப்பெட்டியில் அடைத்தோ, கயிற்றில் தூக்கியோ இறக்கினார்கள். 1970களிலிருந்து, கார்கள் தாமே ஓடி ஏறி ஓடி இறங்கும் பெருங்கப்பல்கள் பரவின. பல தட்டுகளையுடைய மாடி வீட்டைப் போன்ற அக்கப்பலுள் ஆயிரக்கணக்கான கார்கள் நெருக்கமாக நிற்கும்; ஒவ்வொன்றையும் பட்டையால் தளத்தோடு இறுக்கிக் கட்டுவார்கள். இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. கடல் அலையில் கப்பல் ஆடும்போது, வில்லின்மேல் நிற்கும் கார் மேலும் கீழும் ஆடும். ஆடினால் கட்டு தளரும். தளர்ந்தால் ஒரு கார் இன்னொரு காரை இடிக்கும். பந்தயக் கார் போன்றவை தரையோடு தரையாகத் தாழ்ந்திருப்பதால், கப்பலின் சாய்தளத்தில் ஏறும்போது அடிப்பாகம் உரசவும் கூடும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி, நம் தேர்க்கட்டையின் வழியேதான். காரின் சுருள்வில்லின் சுற்றுகளுக்கு இடையே ரப்பராலோ, பிளாஸ்டிக்காலோ, உலோகத்தாலோ ஆன சிறு கட்டைகளைச் செருகிவிடுகிறார்கள். வில் அமுங்க இடமில்லை. கார் சற்று உயர்ந்து, விறைத்து நிற்கும். எல்லாக் கார்களுக்கும் இம்முறை இல்லை. சில நிறுவனங்கள் சில வகைகளுக்குச் செய்கின்றன. கார் கரை சேர்ந்து, வாங்குவோர் கைக்குப் போகுமுன், விற்பனையகத்தார் அக்கட்டைகளை எடுத்துவிட வேண்டும். எடுத்ததற்குச் சோதனைத் தாளில் அடையாளமிட்டுக் கையெழுத்தும் இட வேண்டும். கடலில் அக்கட்டை காவலன். சாலையில் அதுவே பகைவன்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வெளியூரில் வேலை பார்த்து, தம் நெடுநாள் ஆசைப்படி இறக்குமதியான பழைய பந்தயக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு ராஜபாளையம் வந்தார். ஆசிரியரை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்பது அவர் விருப்பம். “சார், பந்தயக் கார் கொஞ்சம் குலுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லித்தான் ஏற்றினார். கொஞ்சம் என்று அவர் சொன்னது அடக்கத்தினால். திருமங்கலம்-கொல்லம் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரம். நான் என் பாட்டனாரின் பார வண்டியை நினைத்துக்கொண்டே சென்றேன். ஓரிடத்தில் சாலை இடப்பக்கம் வளைந்தது. அங்கே சாலையில் சிறு மேடு. கார் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், முன்சக்கரம் துள்ளி, நேரே எதிர்ப்பக்கப் புளியமரத்தை நோக்கிப் போயிற்று. மாணவர் எப்படியோ திருப்பிவிட்டார். எதிரே வண்டி எதுவும் வராதது இறைவன் அருள். அதன்பின் இருவரும் கோயில் வாசல்வரை பேசவில்லை.

தரிசனம் முடிந்து திரும்பியபோது, காரை நேரே ராஜபாளையத்தில் நான் அறிந்த பட்டைவில் பட்டறைக்கு விடச் சொன்னேன். மேஸ்திரியின் தந்தையார் வில்வண்டிகளுக்குப் பட்டை அடித்தவர். மகன் லாரிகளுக்கு அடிப்பவர். பந்தயக் காரை அவர் தொட்டதில்லை. மாணவருக்கு அதில் சிறிதும் மனமில்லை. “மேஸ்திரி, இந்தக் கார் இப்படித்தான் இருக்கும். எனக்கு விற்றவரும் அதைத்தான் சொன்னார். இரண்டு முறை டயர் மாற்றியிருக்கிறார், அதிர்வுதாங்கியும் மாற்றியிருக்கிறார்” என்றார். மேஸ்திரி விடையொன்றும் கூறாமல் காரைச் சமதளத்தில் நிறுத்தச் செய்து, சுற்றி வந்தார். பிறகு அளவுநாடாவை எடுத்து, முன்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்காப்பின் விளிம்புவரை இரு பக்கமும் அளந்தார். வலப்பக்கம் ஒரு விரற்கிடை உயர்ந்திருந்தது. இடமுனையைக் கையால் அழுத்தினார். அது தாழ்ந்து எழுந்தது. வலமுனையை அழுத்தினார், அது அசையவில்லை.

“தம்பி, குலுக்குவது காரின் குணமென்றால் இரண்டு பக்கமும் குலுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் குணம் வந்தது?” என்று கேட்டார்.

பின்பு காரைத் தூக்கினார். தூக்குமுன் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். தூக்கியபின் ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினார். ஒரு கட்டையைத் தேடுவதற்கு முன் வேறு கட்டைகளை உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்பதை அவர் செய்கையால் காட்டினார். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் புகுவது உயிரோடு விளையாடுவதாகும். சக்கரத்தைக் கழற்றி, விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, வலப்பக்கச் சுருள்வில்லின் சுற்றுகளுக்கு நடுவே, சேறும் தூசியும் படிந்து வில்லின் நிறமாகவே ஆகிவிட்ட கட்டைகள் இரண்டு உட்கார்ந்திருந்தன. இடப்பக்கத்தில் ஒன்றுமில்லை. இடப்பக்கத்தில் எடுத்தவர் வலப்பக்கத்தில் எடுக்க மறந்திருக்கிறார். மேஸ்திரி கட்டைகளை எடுத்துத் துடைத்து என் கையில் வைத்தார்.

“ஐயா, கட்டையை எடுக்காமலேயே இந்தத் தேருக்கு வடம் பிடித்திருக்கிறார்கள்” என்றார்.

இரண்டு சிறு கட்டைகள் இத்தனை தீங்கு செய்யுமா என்று கேட்பீர்கள். ஹூக்கின் விதிகொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆறு சுற்றுள்ள வில் ஒன்றின் ஒவ்வொரு சுற்றும் ஒரு குறிப்பிட்ட பாரத்துக்கு 1 சென்டிமீட்டர் அமுங்கும் என்று கொள்வோம். முழுவில் 6 சென்டிமீட்டர் அமுங்கும். இரண்டு சுற்றுகளைக் கட்டை தடுத்துவிட்டால், அதே பாரத்துக்கு 4 சென்டிமீட்டர்தான் அமுங்கும். அதாவது வில் ஒன்றரை மடங்கு விறைத்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் விறைத்தால், காரின் பாரம் நான்கு சக்கரங்களுக்கும் ஒழுங்காகப் பங்கிடப்படாது. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் இயல்பாகவே வலப்பக்கச் சக்கரங்களின்மேல் சாயும். அந்நேரத்தில் மேடொன்று குறுக்கிட்டால், அமுங்கித் தாங்க வேண்டிய வலமுன்சக்கரம் அமுங்காமல் துள்ளும். துள்ளிய சக்கரம் சாலையைப் பற்றாது. நாங்கள் புளியமரத்தை நோக்கிப் போனதன் காரணம் இதுவே.

கதை இங்கே முடியவில்லை. மாணவர் காரோடு வந்த பழைய ஏடுகளை வீட்டில் தேடி எடுத்துவந்து காட்டினார். கார் புதிதாக விற்கப்பட்ட நாளில் நிரப்பிய சோதனைத் தாள் அதில் இருந்தது. ‘வில்லின் கட்டைகள் எடுக்கப்பட்டன’ என்ற வரிக்கு எதிரே தெளிவாக அடையாளமிட்டு, கீழே கையெழுத்தும் இருந்தது!

நான் முப்பது ஆண்டுகளுக்குமேல் வரலாறு கற்பித்தவன். ஆவணம் என்றால் என்ன, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அன்று ஒரு கையில் தாளையும் மறுகையில் கட்டைகளையும் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அப்பாடத்தை நானே முழுமையாகக் கற்றேன். தாளில் கையெழுத்திட்டவர் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, யாரோ அழைக்க எழுந்துபோய், திரும்பி வந்து வேலை முடிந்ததென எண்ணிக் கையெழுத்திட்டிருக்கலாம். ஆவணம், எழுதியவர் நம்பியதைச் சொல்கிறது. நிகழ்ந்ததை எப்போதும் சொல்வதில்லை. ஆதலால்தான் கல்வெட்டைப் படிப்பவர் கட்டடத்தையும் அளந்து பார்க்க வேண்டும். செப்பேட்டைப் படிப்பவர் அதில் கூறிய ஏரியையும் எல்லையையும் போய்க் காண வேண்டும்.

இன்னொரு பாடமும் உண்டு. முதல் உரிமையாளர் குறையை உணராதவர் அல்லர். உணர்ந்தார், இரண்டு முறை டயருக்கும் ஒருமுறை அதிர்வுதாங்கிக்கும் பணம் செலவழித்தார். எனினும், ‘பந்தயக் கார் இப்படித்தான்’ என்ற ஒரு சொல் அவரை மேலே ஆராயவிடாமல் தடுத்துவிட்டது. அச்சொல் முழுப்பொய்யும் அன்று. பந்தயக் காரின் வில் சற்று விறைப்பானதே. பாதி உண்மையான விளக்கமே ஆராய்ச்சிக்குப் பெரிய முட்டுக்கட்டை. மேஸ்திரிக்குப் பந்தயக் காரைப் பற்றிய அந்த முன்னறிவு இல்லை. ஆகவே அவர் அளந்து பார்த்தார். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்ப்பது வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் பொதுவான முறை.

இத்தகைய பயணக் கட்டைகள் காருக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டா. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்த காலத்தில், இந்திய நூற்பாலைகளுக்கு வேண்டிய இயந்திரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தன. கடல் கடந்து வரும் நுண்ணிய இயந்திரத்தின் அசையும் உறுப்புகள் அசையாதபடி கட்டப்பெற்றிருக்கும். துருப்பிடிக்காதபடி கெட்டிக் கொழுப்பு பூசப்பெற்றிருக்கும். கட்டை அவிழ்த்துக் கொழுப்பைத் துடைத்தபின்னரே அதனை ஓட்டுவர். இன்று உங்கள் வீட்டுக்கு முன்புறக் கதவுள்ள துணிதுவைக்கும் இயந்திரம் வருமானால், அதன் பின்புறத்தில் நீண்ட போல்ட்டுகள் இருக்கும். உள்ளேயுள்ள உருளை வழியில் ஆடாமலிருக்க அவற்றைப் பூட்டியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் இயந்திரம் அறையையே அதிரச் செய்யும். வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

பழைய கார் வாங்கும் நாள் உங்களுள் சிலருக்கு வரலாம். அப்போது செய்ய வேண்டியது எளிது. சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் உயரத்தை அளந்து, இடத்தையும் வலத்தையும் ஒப்பிடுங்கள். நான்கு முனைகளையும் அழுத்திப் பாருங்கள். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் காரணம் கேளுங்கள். தகுந்த பட்டறையில், தாங்கிகளின்மேல் காரை நிறுத்தி, வில்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே விளக்கடித்துப் பார்க்கச் செய்யுங்கள். தாளில் எழுதியிருப்பதையும் படியுங்கள். படித்தபின் கண்ணாலும் காணுங்கள்.

பெருந்தேருக்கு அச்சாணி எத்துணை இன்றியமையாதது என்பதை வள்ளுவர் நமக்கு உணர்த்தினார். அச்சாணி சிறிது, அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். முட்டுக்கட்டையும் சிறிது; அது இருக்கக்கூடாத நேரத்தில் இருத்தலாகாது. ஒரு காலத்தில் நம்மைக் காத்த ஏற்பாடு, அக்காலம் கடந்தபின்னும் எடுக்கப்படாமல் கிடந்து நம்மைக் குலுக்குவது கார்களில் மட்டும் நடப்பதன்று. வீட்டிலும் நாட்டிலும் நடப்பதுண்டு. அதை வைத்தவரைப் பழிப்பதால் பயனில்லை. அவர் வைத்தபோது அது தேவையாயிருந்தது. எதற்காக வைத்தார், அத்தேவை இன்னும் இருக்கிறதா என்று கேட்டறிந்து, இல்லையெனில் மெல்ல எடுத்துவிடுவதே அறிவுடைமை.

அவ்விரண்டு கட்டைகளையும் மாணவர் என்னிடமே விட்டுச் சென்றார். என் மேசையின்மேல் தாள் பறக்காதபடி அவை இன்று காவல் செய்கின்றன. மாணவர் காரில் என்னை மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துச் சென்றார். அந்த வளைவு வந்தது, மேடும் வந்தது. கார் அமுங்கி எழுந்து, திரும்ப வேண்டிய பக்கம் திரும்பிற்று. புளியமரம் தன் இடத்தில் நின்றது. நாங்கள் எங்கள் வழியே போனோம்.